தெப்னிக்கித் தையற்காரர்



சொல்லாற்றலே மனத்தை மாற்றவல்லது என்னும் நம்பிக்கை கவிஞர்க்கு இயல்பானது. அந்நம்பிக்கையைச் சற்றே அசைக்கும் வரலாறு ஒன்று போலந்து நாட்டில் உண்டு.

கிராக்கோவ் நகரின் தெப்னிக்கிப் பகுதியில் வாழ்ந்தவர் யான் திரனோவ்ஸ்கி (1901–1947). கணக்கர் பணியை விடுத்துத் தந்தையின் தையல் தொழிலை ஏற்றவர். கை தைத்துக்கொண்டிருக்க உள்ளம் இறைவனோடு இருக்கலாம். அவர் நாடிய ஊதியம் அதுவே. அதே பகுதியில் குடியிருந்தார் கரோல் வொய்த்திவா என்னும் இளைஞர். போலந்து இலக்கிய மாணவர், கவிதை புனைபவர், நாடக நடிகர். 1939இல் நாட்டைக் கைப்பற்றிய நாஜிப் படை பல்கலைக்கழகத்தை மூடிற்று. 1940இல் அம்மாணவர் கற்சுரங்கத் தொழிலாளி ஆனார். 1941 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். தாயும் தமையனும் முன்னரே மறைந்திருந்தனர்.

அவ்வாண்டு மே மாதம், பங்கிலிருந்த சலேசியக் குருக்களைக் கெஸ்டபோ பிடித்துச் சென்றது. இளைஞரை வழிநடத்தும் பொறுப்பு முழுவதும் தையற்காரர் தோளில் விழுந்தது. பதினைவர் கொண்ட ‘வாழும் செபமாலை’க் குழுக்களை அவர் பேணி வளர்த்தார். தையற்பொறிகள் நெருக்கும் தம் சிற்றில்லத்தில் இளைஞரைத் தனித்தனியே சந்தித்தார். செய்தி வெளிப்பட்டால் உயிருக்கே இடர்.

அவர் பேச்சோ பழம்பாணி. மறைக்கல்வி நூலின் வாடை வீசுவது. கேட்டோருள் சிலர் முதலில் முகஞ்சுளித்தனர். தமிழ் மேடையாயின் அவருக்கு மறுமுறை அழைப்பே வந்திராது! ஆயினும் உழைப்பும் மௌனமும் செபமும் பிரிவின்றி ஓடிய அவ்வாழ்க்கையைச் சொல்லழகில் தோய்ந்த இளைஞர் அருகிருந்து கண்டார். இறைவனைப் பற்றிப் பேசுவது வேறு, இறைவனோடு வாழ்வது வேறு என்பது அங்கே விளங்கிற்று.

பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பானியக் கவிஞரும் துறவியுமான சிலுவையின் யோவானை அவ்விளைஞருக்கு அறிமுகம் செய்தவரும் அத்தையற்காரரே. கவிஞரைக் கவிஞரிடம் சேர்த்தது ஊசி பிடித்த கை. அக்கவிஞரின் மூலத்தைப் பயிலவே வொய்த்திவா ஸ்பானிய மொழி கற்றார். 1948இல் உரோமையில் அளித்த முனைவர் பட்ட ஆய்வும் யோவான் கண்ட விசுவாசம் பற்றியதே.

1947 மார்ச்சில் தையற்காரர் இறந்தபோது, முந்தைய ஆண்டே குருவாகியிருந்த மாணவர் உரோமையில் இருந்தார். 1949இல் கிராக்கோவின் கத்தோலிக்க வார இதழில் அவரைப் பற்றிக் கட்டுரை வரைந்தார்; இட்ட தலைப்பு ‘அப்போஸ்தலர்’. 1978இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆன பின்னரும், 1996இல் வெளியிட்ட தம் குருத்துவ நினைவு நூலில் அத்தையற்காரரை நன்றியுடன் குறித்தார்.