மண்டபம் முகாம் கற்பித்த பாடம்

இராமேஸ்வரம் செல்லும் புகைவண்டி பாம்பன் பாலத்தை நெருங்குமுன் 'மண்டபம் முகாம்' என்னும் சிறு நிலையத்தைக் கடக்கிறது. அப்பெயரில் 'முகாம்' என்ற சொல் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. மாணவ நண்பர்களுக்கு அதைச் சொல்ல விரும்புகிறேன்.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். கடல் கடக்குமுன் அவர்களை மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள், பரிசோதித்தார்கள், அம்மை குத்தினார்கள். நோயின்றி நடமாடுகிறவனையும் தடுத்து வைப்பது ஏன்?

காலராவை எண்ணிப் பாருங்கள். நம் கிராமங்கள் வாந்திபேதி என்று அஞ்சிய நோய் அதுவே. அதன் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் கண்டார். கிருமி உட்புகுந்த சில மணி நேரத்திலோ, ஐந்து நாட்களுக்குள்ளோ நோய் தலைகாட்டும். அதுவரை மனிதன் நலமாகவே தோன்றுவான். ஆகையால் காத்திருந்து பார்ப்பதே அக்காலத்துச் சோதனையாயிற்று.

ஆயினும், முகாமில் அடைபட்ட ஏழையை நோயின் பிறப்பிடமாகவே உலகம் பார்த்தது. அது பெரும் பிழை. காலரா நோயாளியின் கழிவு குடிநீரில் கலக்கிறது. அந்நீரைப் பருகுகிறவர் செல்வராயினும் வறியவராயினும் நோய் பற்றுகிறது. யாத்திரிகர் பெருந்திரளாகக் கூடும் இராமேஸ்வரம் போன்ற தலங்களில் இவ்வாபத்து மிகுதி. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருவிழாக்களுக்கென்றே தனிப்பகுதி ஒதுக்கியது இதனாலேதான்.

இனி, சிகிச்சை. கிருமியின் நஞ்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. அந்த இழப்பே உயிரைக் குடிக்கிறது. வெறும் உப்புநீரைக் குடல் சரிவர ஏற்பதில்லை. சர்க்கரையும் சேர்ந்தால் உப்பு உட்செல்கிறது, அதைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1971-இல் வங்காளத்துப் பனகாவ் அகதி முகாமில், ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்து போன வேளையில், டாக்டர் திலீப் மஹாலானாபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. நோயாளிகளுக்கு அதைப் புகட்டியவர்களில் பலர் அவர்களுடைய உறவினர்களே.

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, பேதி கண்டவர்க்கு அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மயக்கமோ ஓயாத வாந்தியோ கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

ஒரு முகாமில் மனிதனைத் தடுத்து நிறுத்தினோம். மற்றொரு முகாமில் அவனுடைய உறவினர் கையிலேயே மருந்தைக் கொடுத்தோம். அடுத்த முறை மண்டபம் நிலையத்தைக் கடக்கும்போது இவ்விரண்டையும் நினைத்துப் பாருங்கள். நோயாளியைக் கண்டு விலகாதீர்கள். குடிக்கும் தண்ணீரைக் குறித்து விழிப்பாயிருங்கள்.