குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய திருநாட்கள்

திருச்சிற்றம்பலம்.

 

முகப்பேர் என்னும் இவ்வூர்ப் பெயர், ‘மகப்பேறு’ என்பதன் திரிபு என்று பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அத்தகைய ஊரிலே கூடியிருக்கும் நாம், பெற்ற மக்களுக்கு எந்த நாட்களை நினைவூட்டி வளர்க்க வேண்டும் என்று சிந்திப்பது பொருத்தமேயாகும்.

ஒரு குழந்தையை அழைத்து, “உன் பிறந்தநாள் என்று?” எனக் கேட்டால், ஆங்கிலத் தேதியை உடனே சொல்லும். “உன் நட்சத்திரம் என்ன?” என்றால் தாயின் முகத்தைப் பார்க்கும். குழந்தைமேல் குற்றம் இல்லை. சொல்லித் தராத நம்மேல்தான் குற்றம். அர்ச்சனைத் தட்டை வாங்கும் குருக்கள் கேட்பது பெயரும் நட்சத்திரமும் அல்லவா?

நாயன்மார்களுக்கு நாம் எடுப்பது பிறந்தநாள் விழா அன்று, குருபூசை. அஃதாவது, அவர்கள் இறைவன் திருவடியில் கலந்த நாள். பிறப்பு, வினையின்படி எல்லா உயிர்க்கும் வருவது. பிறந்தபின் எப்படி வாழ்ந்தார், எங்கே சென்று சேர்ந்தார் என்பதே போற்றுதற்குரியது. ஆதலின் அப்பர் பெருமானுக்குச் சித்திரைச் சதயம், ஞானசம்பந்தருக்கு வைகாசி மூலம், மணிவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி என்று நாட்கள் அமைந்தன. மணிவாசகர் எந்த நூற்றாண்டினர் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். ஆனால் ஆனி மகத்தில் வாதம் இல்லை. ஏடுகள் ஆண்டை மறந்தன. பூசை நாளை மறக்கவில்லை.

அரசர்களில் பிறந்த நட்சத்திரத்தால் நினைக்கப்படுபவன் இராசராச சோழன். அவனுடைய ஐப்பசிச் சதயம் இன்றும் தஞ்சையில் விழாவாக நடைபெறுகிறது. அவன் முடிசூடியது 985-ல். பெரிய கோயில் நிறைவெய்தியது 1010-ல். 2010-ஆம் ஆண்டு அக்கோயிலுக்கு ஆயிரமாம் ஆண்டு விழா எடுத்தோம். நாடு ஆண்டவர் பலர். சிவனுக்குக் கோயில் எடுத்தமையால் இவன் நட்சத்திரம் ஒளிர்கிறது.

தஞ்சை வரை போவானேன்? நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். திருவேற்காட்டில் தோன்றியவர் மூர்க்க நாயனார். அவர் குருபூசை கார்த்திகை மூலம். பெரிய புராணம் தந்த சேக்கிழார் பெருமான் பிறந்தது குன்றத்தூர். அவருக்கு வைகாசிப் பூசம். அம்பத்தூர், ஆவடி கடந்து இரயிலில் சென்றால் வருவது திருநின்றவூர். அது பூசலார் நாயனார் ஊர். அவருக்கு ஐப்பசி அனுடம்.

அந்தப் பூசலார் வரலாறே ஒரு நாளைப் பற்றியது, அன்பர்களே! சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பினார். எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்கவில்லை. அதற்காக ஆசையை விட்டாரா? இல்லை. மனத்திலேயே பொருள் சேர்த்தார், தச்சரை வருவித்தார், நல்ல நாளில் அடிநிலை இட்டார். இரவும் உறங்காமல் விமானம், மதில், கிணறு, குளம் எல்லாம் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார்.

அதே நாளைக் காஞ்சியில் காடவர்கோனும் குறித்திருந்தான். அவன் கட்டியதோ பெரும் பொருட்செலவில் கற்கோயில். முதல்நாள் இரவு இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை யாம் செல்கிறோம், உன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள் என்று அருளினான். மன்னன் நின்றவூருக்கு விரைந்தான். கோயில் எங்கே என்று கேட்டான்; அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்றனர் ஊரார். பூசலாரைக் கண்டு உண்மை அறிந்து நிலமுற வீழ்ந்து வணங்கினான். இன்று அவ்வூரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது.

இதைச் சொன்னால், “மனத்தில் கட்டிய கோயில் மழைக்குக் கரையாதா, தாத்தா?” என்று குழந்தை கேட்கும். “கரையாத கோயில் அது ஒன்றுதான், கண்ணே!” என்று சொல்லுங்கள். கையில் காசில்லாதவன் குறித்த நாளை இறைவன் தன் நாளாகக் கொண்டான் என்பதை அறிந்த பிள்ளை, ஏழ்மை கண்டு நாணாது. செல்வம் கண்டு செருக்காது.

பிள்ளைகளின் கல்விக்காகவே பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதியவர் ஆறுமுக நாவலர். 1822 டிசம்பர் 18-ல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்து, 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய கார்த்திகை மகத்தையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

சொல்லாமல் விட்டால் நேர்வது என்ன? குருபூசை நாளில் அறுபத்துமூவர் சந்நிதியில் நிற்போர் நாலைந்து முதியவரே என்றால், அவர்களுக்குப் பின் தீபாராதனையைக் காண யார் இருப்பார்? ஆயிரம் ஆண்டு காத்த நாள், ஒரு தலைமுறை வாய் மூடியிருந்தால் பஞ்சாங்கத்தில் வெறும் எழுத்தாகிவிடும்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் குழந்தையின் நட்சத்திரம் எந்த நாயனாரின் குருபூசை நட்சத்திரமாக வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். சதயத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பர். அனுடத்தில் பிறந்த பிள்ளைக்குப் பூசலார். பிறந்தநாளில் கேக் வெட்டட்டும், தடுக்க வேண்டாம். குருபூசையன்று அக்குழந்தையைக் கோயிலுக்கு அழைத்து வந்து, அதன் கையாலேயே ஒரு நெய்விளக்கு ஏற்றச் செய்து, அந்த அடியார் வரலாற்றைச் சொல்லுங்கள். நாளை அது தன் பிள்ளைக்குச் சொல்லும்.

திருச்சிற்றம்பலம்.