சிறுநீர்ப்பைச் சோதனையும் பொதுப் பணமும்

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இருமும்போதும், தும்மும்போதும், பளு தூக்கும்போதும் சிறுநீர் கசிகின்ற நோயைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொருளாதாரம் பயின்றவனுக்கு இங்கென்ன வேலை என்று நீங்கள் வினவலாம். மகப்பேற்றினாலும் வயதினாலும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதால் பெண்கள் பலருக்கு இத்தொல்லை நேருகிறது. நாணத்தினால் வெளியே சொல்வதில்லை. ஒருவர் துணிந்து மருத்துவரை நாடும்போது, அவரை நாம் எங்கே அனுப்புகிறோம் என்பதே என் கேள்வி.

பெரிய மருத்துவமனைகளில் இதற்கென ஒரு சோதனை உண்டு. மெல்லிய குழாய் வழியே சிறுநீர்ப்பையில் நீரை நிரப்பி, அதன் அழுத்தத்தைக் கருவியால் அளப்பர். கருவியும் பயிற்சி பெற்ற பணியாளரும் இதற்குத் தேவை. நோயாளிக்கோ கூச்சம், செலவு, மற்றுமொரு பயணம். எனினும், அறுவைக்கு முன் இச்சோதனை செய்வது பல இடங்களில் வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்தை அமெரிக்காவில் 11 மையங்களில் ஆராய்ந்து, முடிவுகளை 2012-இல் வெளியிட்டனர். அறுவைக்கு வந்த 630 பெண்கள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினருக்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனை மட்டும். மற்றவர்க்கு அதனோடு கருவிச் சோதனையும். ஓராண்டுக்குப் பின் சிகிச்சை வெற்றி முறையே 77.2 விழுக்காடு, 76.9 விழுக்காடு. கருவி சிலரது நோய்க்கணிப்பை மாற்றியது, பலனை மாற்றவில்லை.

இம்முடிவு சிக்கலற்ற நோயாளிகளுக்கே பொருந்தும். முன்பு அறுவை செய்துகொண்டோர், நரம்பு நோயுற்றோர், சிறுநீர் முழுதும் வெளியேறாதோர் ஆகியோருக்குக் கருவிச் சோதனை தேவைப்படலாம்.

ஏனையோருக்கு வேண்டியவை எளியவை: நோய் வரலாறு கேட்டல், சிறுநீர் ஆய்வு, இருமச் சொல்லிக் கசிவைக் காணுதல், கழித்தபின் பையில் எஞ்சும் சிறுநீரை அளத்தல். முதற் சிகிச்சையும் எளிதே. 1948-இல் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எடுத்துரைத்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை, உரிய மேற்பார்வையில் மூன்று மாதமேனும் செய்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா, கற்பிப்பவர் வேண்டும்.

நாளை உங்கள் மேசைக்குக் கருவி வாங்கும் கோப்பு வரும். 'இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா? யாருக்கு?' என்று கேளுங்கள். விடை தெளிவானால் ஒப்பமிடுங்கள். இல்லையேல், அப்பணத்தில் பயிற்சி தரும் செவிலியர் ஒருவரை அமர்த்த இயலுமா என எண்ணிப் பாருங்கள். நாணத்தை வென்று வந்த பெண்ணைக் கருவியின் பெயரால் காத்திருக்கச் செய்வது சிக்கனமும் ஆகாது, நீதியும் ஆகாது.