மூடிய வீதியும் நமது வேலியும்

(வலிகாமம் வடக்கிலுள்ள கிராமமொன்றில், மூடிக் கிடக்கும் ஒழுங்கையை மீண்டும் திறப்பது குறித்துப் பிரதேச சபை முடிவெடுப்பதற்கு முன்னர் கூடிய ஊர்க் கூட்டத்தில் நிகழ்த்திய உரை.)



ஒரு சிறிய ஒழுங்கையைப் பற்றிப் பேசுவதற்கே நாம் இன்று இங்கே கூடியிருக்கின்றோம். கோவிலடியில் தொடங்கித் தோட்டவெளியில் முடியும் ஒழுங்கை அது. அதற்குப் பெயர்ப்பலகை இருந்ததில்லை, தார் கண்டதுமில்லை. ஆயினும் நம் பாட்டன்மார் வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குக் கொண்டு சென்றது அவ்வழியேதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றதும், தேர்த் திருவிழாவுக்கு ஊர் திரண்டதும் அவ்வழியேதான். இன்று அதன் ஒரு முனையில் பற்றைக்காடு, மறுமுனையில் மதில். திறப்பதா, இப்படியே விடுவதா என்பதைச் சபை தீர்மானிக்க வேண்டும். சபை தீர்மானிக்குமுன் ஊர் தன் மனத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இவ்வொழுங்கை மூடப்பட்ட வரலாறு உங்களுக்குத் தெரியாததன்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை என்று வலிகாமம் வடக்கின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடின. பின்னர் இப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் 2009இல் முடிந்தது. அதன் பின்னும் நிலம் துண்டு துண்டாகவே திரும்பியது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் வந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்பிரலில், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அவ்வீதி திறக்கப்பட்ட அன்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் அங்கே நாட்டப்பட்ட அறிவித்தற் பலகையை வாசித்தவர்களின் மகிழ்ச்சி பாதியாயிற்று. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே செல்லலாம், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, நடந்து செல்லலாகாது, இவையே அன்று விதிக்கப்பட்ட நிபந்தனைகள். நாம் கேட்கின்றோம்: கமக்காரன் ஒருவன் தன் காணிக்கு எப்படிப் போகின்றான்? மண்வெட்டியைத் தோளில் வைத்து நடந்து போகின்றான். எல்லையில் நிற்கின்றான். பயிரைப் பார்க்கின்றான். அயலவனைக் கண்டால் இரண்டு வார்த்தை பேசுகின்றான். நடக்கவும் நிற்கவும் உரிமையில்லாத வீதி, அவனைப் பொறுத்தவரையில் பாதி திறந்த வீதியேயாகும். தடையை அகற்றிய அன்றே வீதி திறந்துவிடுவதில்லை. அச்சமின்றி ஒருவன் நடந்து செல்லும் அன்றே அது திறக்கின்றது.

இதனை நாம் அரசாங்கத்தை நோக்கிச் சொல்லுகின்றோம். சொல்லவும் வேண்டும். ஆனால் அதே நாவினால் நம்மை நோக்கியும் ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். பலாலி வீதியை மூடியவன் படைவீரன். நமது ஒழுங்கையை இன்று மூடி வைத்திருப்பவர் யார்? அங்கே காவலரண் இல்லை, முட்கம்பியும் இல்லை. நம்மவர் ஒருவர் கட்டிய மதிலும், நம் எல்லோருடைய மௌனமுமே அதனை மூடி வைத்திருக்கின்றன.

மதில் கட்டியவரை நாம் குற்றவாளியாக்க வரவில்லை. அவரும் நம்மைப் போலவே உடுத்த உடையோடு ஓடியவர். முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலங் கழித்துத் திரும்பியபோது, வீடிருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. எல்லைக் கல்லும் இல்லை. வேலிக் கதியாலும் இல்லை. எது வளவு, எது ஒழுங்கை என்று காட்டுவதற்கு ஒரு பனைகூட மிஞ்சவில்லை. நினைவில் இருந்ததை நிலத்தில் வைத்துக் கட்டினார். அவர் கூறும் நியாயங்களையும் நாம் மறைக்கப் போவதில்லை. "இத்தனை ஆண்டுகள் இல்லாத பாதை இப்போது எதற்கு? கடன் வாங்கிக் கட்டிய மதிலை இடித்தால் அந்தக் காசை யார் தருவார்? இரவில் கள்வர் வந்தால் யார் பொறுப்பு?" இவை கேட்க வேண்டிய கேள்விகளே. மறுமொழி சொல்லாமல் மதிலை இடிப்பது நீதியாகாது.

முதற் கேள்விக்கு மறுமொழி இது. நாம் நடக்காமல் விட்டது நம் விருப்பத்தினாலன்று. நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டம் 1871ஆம் ஆண்டினது. பத்தாண்டுகள் இடையூறின்றி எதிர் உரிமையோடு ஆண்டவருக்கு நிலத்தில் உரித்துண்டாகலாம் என்பது அதன் விதி. அவ்விதியை அப்படியே பிரயோகித்தால், போரினால் துரத்தப்பட்டவன் காணியை இழந்துவிடுவான் என்று கண்டே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஓடியவனின் இல்லாமையைக் கைவிட்டமையாகக் கொள்ளலாகாது என்பதே அதன் உட்பொருள். நமது காணிகளுக்கு அந்த நியாயத்தைக் கேட்கும் நாம், நமது ஒழுங்கைக்கு மட்டும் அதனை மறுக்கலாமா? நமது பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் என்று நொத்தாரிசுமார் எழுதி வைத்திருக்கின்றனர். வழியில்லாத காணியைக் காணியென்று நம் முன்னோர் எண்ணியதில்லை.

இன்னுமொன்றையும் ஒளிக்காமற் சொல்லிவிடுவோம். ஒழுங்கையின் மறுமுனையில் குடியிருப்போர் யாரென்று பார்த்து, "அவர்களுக்கு எதற்கு இந்த வழி" என்று முணுமுணுப்போரும் நம்மிடையே உள்ளனர். பொது இடங்களில் சாதியின் பேரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மனத்தில் அந்த வேலி நிற்குமாயின், வெளியார் போட்ட வேலியைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? அகதி முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த நாம், ஊருக்கு வந்ததும் ஒரே ஒழுங்கையில் நடக்கக் கூசுவதா?

இனி, சபை செய்ய வேண்டியதென்ன? பெருந்தெருக்கள் வேறு அதிகார பீடங்களின் கையில் உள்ளன. ஆனால் ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அப்பொறுப்பைத் தந்திருக்கின்றது. முன்பு கிராமச் சங்கங்கள் செய்த பணியும் இதுவே. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பின்னர், தீர்மானிப்பதற்கு மக்களின் பிரதிநிதிகளே இல்லாத நிலை ஈராண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2025 மே 6ஆந் திகதி வாக்களித்து இச்சபையை நாம் உண்டாக்கினோம். கொழும்பைக் கேட்காமல் நாமே தீர்க்கக்கூடிய காரியங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று இது. இதையும் தள்ளிப்போட்டால், அதிகாரம் வேண்டுமென்று நாம் கேட்பதன் பொருள் என்ன?

ஆகவே நாம் நான்கு காரியங்களை வேண்டுகின்றோம். முதலாவது, பழைய நில அளவைப் படத்தைப் பெற்று, சபை அலுவலகத்திலும் கோவிலடியிலும் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். இரண்டாவது, உரிமம் பெற்ற நில அளவையாளர் இரு பகுதியாரும் நிற்கும்போது அளந்து கல் நாட்ட வேண்டும். மூன்றாவது, மதிலுக்குரியவருக்குப் போதிய தவணை கொடுத்து, அவரது மறுப்பையும் எழுத்தில் பெற்று, சபையின் பகிரங்கக் கூட்டத்தில் விவாதித்து வாக்கெடுக்க வேண்டும். நான்காவது, திறக்கும் பாதை லாண்ட்மாஸ்டரும் நோயாளர் வண்டியும் செல்லத்தக்க அகலமுடையதாக இருக்க வேண்டும். இரவுக்கு விளக்கும் வேண்டும்.

மதிலின் செலவைப் பற்றியும் சொல்லுகின்றோம். அதைச் சபையின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். பாதையால் பயன் பெறுவோர் நாம். ஒரு போக வெங்காயத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், பின்தள்ளிய எல்லையில் அவருக்குப் புதிய மதில் எழுப்பிக் கொடுக்கலாம். கல்லும் மண்ணும் சுமக்க நம்மிடம் கைகள் இருக்கின்றன. மேசன்மாரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் இவ்வூரின் பிள்ளைகளாக இருக்கின்றார்கள். பற்றையை வெட்டுவதற்கு நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தரமாட்டோமா?

சபையோரே, நாளை பலாலி வீதியைப் பற்றிப் பேச அதிகாரிகளிடம் போகும்போது, "உங்கள் ஊர் ஒழுங்கையை என்ன செய்தீர்கள்?" என்று எவராவது கேட்டால், நாம் தலைகுனியாமல் மறுமொழி சொல்ல வேண்டும். மதிலுக்குரியவரை எதிரியாக்காமலும், மறுமுனையில் இருப்போரைப் புறந்தள்ளாமலும், நமது கையாலேயே இந்த வழியைத் திறந்தோம் என்று சொல்ல வேண்டும். அந்த மறுமொழியை நமக்குத் தருமாறு சபை உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.