மேனி பேணலும் மருந்துக்கடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சமய சங்கத்தின் விழாவிலே தோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே, இவர்களுக்கு வேறு விஷயம் அகப்படவில்லையா என்று முன்வரிசையில் இருக்கும் பெரியோர் எண்ணக்கூடும். நாமும் முதலில் தயங்கத்தான் செய்தோம். ஆனால் நம் உறவினர் வீடொன்றில் நடந்த காரியம் நம்மை இம்மேடைக்கு இழுத்து வந்துவிட்டது.

படுவான்கரையிலே வயல் செய்யும் குடும்பம் அது. மகளுக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள், "எல்லாம் சரி, புள்ள கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிப்போட்டுப் போனார்கள். அடுத்த கிழமையே சந்தையிலிருந்து ஒரு சிறு சிமிழ் கிறீம் வந்தது. அதிலே செய்தவர் பெயரும் இல்லை, சேர்ந்த பொருள்களின் விபரமும் இல்லை. மூன்று கிழமையில் முகம் வெளுத்தது. வீட்டார் மகிழ்ந்தனர். மூன்று மாதத்தில் கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, நுண்ணிய இரத்த நாளங்கள் சிலந்தி வலைபோலத் தெரியலாயின. முகம் முழுதும் பருக்கள். பூசுவதை விட்டால் எரிவு, பூசினால் ஆறுதல். கடைசியில் தோல் வைத்தியரிடம் போனபோது அவர் சொன்ன சொல் "ஸ்ரிறோயிட்". அப்பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான் முன்னம் இருந்த நிறமாவது திரும்பி வருமா?"

வெண்மை தரும் என விற்கப்படும் பெயரற்ற கிறீம்களிலே பெரும்பாலும் அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று, பெற்றாமெத்தசோன், குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்ரிறோயிட்டுகள். வைத்தியர் குறித்த இடத்தில் குறித்த நாள் பூசினால் இவை நல்ல மருந்துகள். முகத்தில் மாதக்கணக்காய்ப் பூசினால் தோலை அரித்துவிடும். மற்றது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதை அது தடுக்கும். உள்ளே ஊறிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். 2013ஆம் ஆண்டு யப்பானிலே கைச்சாத்திடப்பட்ட மினமாற்றா உடன்படிக்கை, அழகுப் பொருள்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசத்தை விலக்கியது. நமது நாடும் 2017இல் அதில் இணைந்தது. ஆயினும் நம் சந்தைகளில் வாங்கிப் பரிசோதித்த கிறீம்களிலே அவ்வரம்பைப் பன்மடங்கு மிஞ்சிய பாதரசம் திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கிறது. சிமிழிலே கலோமெல் என்றோ, மேர்க்கியூரிக் என்றோ, வெள்ளி நகையிற் படாமற் பூசவும் என்றோ கண்டால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வருக. ஒன்றுமே எழுதியிராவிட்டால் இன்னும் விரைவாக வருக.

நிற்க. மெலனின் என்பது இயற்கை நமக்கு விரித்த குடை. வெள்ளைத் தோலினர் நாடுகளில் மலிந்த தோற் புற்றுநோய் நம்மிடையே அரிதாயிருப்பதற்கு அதுவே முதற் காரணம். அந்தக் குடையைக் கிழிப்பதற்குக் காசு கொடுக்கிறோம்! பெண் பார்க்கப் போகும் பெரியோர் இதைச் சற்று மனங்கொள்ள வேண்டுமென்பது நமது பணிவான விண்ணப்பம்.

அப்படியானால் தோலுக்கு என்னதான் செய்வது? அதிகம் வேண்டியதில்லை. கழுவல், பசை காத்தல், வெயில் மறைத்தல் என்ற மூன்றையும் நாள் தவறாமற் செய்தால் போதும்.

முகத்தைக் காலையும் மாலையும் கழுவலாம். ஐந்தாறு தரம் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது சுத்தமன்று. நலமுள்ள தோல் சிறிது புளிப்புத் தன்மை உடையது. சாதாரண சவர்க்காரமோ காரத் தன்மையது. தேய்க்கத் தேய்க்க மேற்படலம் குலையும். நம் அம்மம்மா பூசிய பயற்றம்மா அந்த வகையில் மென்மையானது. ஆனால் கரகரவென்று உரஞ்சக்கூடாது.

பசை காப்பதற்கு மருந்துக்கடையில் மிக மலிந்த பொருள் வசலீன். செஸ்புறோ என்ற அமெரிக்கர் 1872இல் காப்புரிமை பெற்ற அதே பொருள்தான். நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் அதனை வென்றது அரிது. குளித்துத் துடைத்தவுடன், தோலில் ஈரம் சற்று நிற்கும்போதே பூச வேண்டும். அது ஈரத்தைத் தருவதில்லை, உள்ள ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. கால் வெடிப்புக்கு இதைவிட வேறு வேண்டாம். நமது தேங்காயெண்ணெயும் வறண்ட தோலுக்கு நன்று. பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியர்கள் பரிசோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பரு உள்ள முகத்துக்கும், தேமல் உள்ள முதுகுக்கும் எண்ணெய் ஆகாது. தேமலை உண்டாக்கும் பங்கசு எண்ணெய்ப் பசையையே உண்டு வாழ்வது. அதற்கு நாமே சோறிட்டதாகும். மலிவு என்று பலர் வாங்கும் அக்குவஸ் கிறீமைப் பூசி அப்படியே விடுவது சிலருக்கு எரிச்சல் தரும் என்று பிரித்தானிய மருந்து நிருவாகம் 2013இல் எச்சரித்தது. அதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம்.

வெயில் விஷயத்தில் வாவிக்கரை மக்களாகிய நாம் கவலையீனர்கள். நண்பகலில் நம் ஊரின் ஊதாக்கதிர்ச் சுட்டெண் பத்தைத் தாண்டும் நாள்கள் பல. மூன்றிலிருந்தே மறைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்லடிக் கரையின் உலர்ந்த மணல்கூட விழும் கதிரிலே நூற்றுக்குப் பதினைந்து பங்கை நம்மேல் திருப்பி எறியும். முப்பது என்று குறித்த வெயிற்காப்புக் கிறீம் சுடுகதிரில் 97 பங்கைத் தடுக்கும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பூச வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை திரும்பவும் பூச வேண்டும். அந்தச் செலவு எல்லாருக்கும் கட்டுமா? தோணியில் வலை வீசும் அண்ணனுக்கு அகன்ற தொப்பியும் நீளக்கைச் சட்டையுமே சிறந்த கிறீம். முகத்தில் மங்கு விழுந்த தாய்மார் மாத்திரம் கிறீமை விடாது பூசுவது நன்று. வெயில் படப்பட மங்கு கறுக்கும்.

இனிச் சில நோய்கள். பருவுக்குப் பென்சொயில் பெரொக்சைட்டு கேட்டு வாங்கலாம். இரண்டரை வீதம் உள்ளதே போதும். பத்து வீதம் கூடுதலாய் எரிக்குமேயன்றிக் கூடுதலாய்க் குணமாக்காது. தலையணை உறையை வெளுக்கச் செய்யும், கவனம். ஆறு கிழமையாவது பொறுக்க வேண்டும். படர்தாமரைக்குக் குளோற்றிமசோல், அரிப்பு நின்றதும் விடாமல் மேலும் இரண்டு கிழமை பூச வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஸ்ரிறோயிட் கலந்த கிறீமைப் பூசினால் அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், படர்தாமரையோ உள்ளே பரவும். சொறிக்குப் பேர்மெத்திரின் ஐந்து வீதக் கிறீம்: இரவிலே கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக் காலையிற் கழுவி, ஒரு கிழமையின் பின் மீண்டும் ஒருமுறை. வீட்டார் அனைவரும் ஒரே இரவிற் பூசாவிட்டால் செலவு வீணே. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்டே எதுவும்.

வாங்கும்போது கொம்பனிப் பெயரைச் சொல்லாது மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பேராசிரியர் சேனக்க பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவ உழைத்ததன் சாரமே இதுதான். ஒரே குளோற்றிமசோல் பல பெயரில், பல விலையில் இருக்கும்.

பொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள சில இரசாயனங்கள் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். சாயக் குங்குமம் சிலருக்கு அரிக்கும். அவர்கள் சந்தனத்துக்கோ திருநீற்றுக்கோ மாறலாம். அம்மாள் கோபிக்க மாட்டாள்.

கடைசியாக, இதைச் சொல்லவே இவ்வளவும் பேசினோம் என்றாலும் தகும். நமது வாவியிலே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைக் கரையிலிருந்து பிரித்து வைத்த தீவு அது. இளைஞர் பலருக்கு அது தெரியாது. பெரியோர் அதன் பெயரையே மெல்லிய குரலிற் சொல்வர். நாடளாவிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற வீதத்துக்குக் கீழே நோய் இறங்கியது 1995இல். ஆயினும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாய் இனங்காணப்பட்டு வந்திருக்கின்றனர். நம் மாவட்டத்தாரும் அவர்களுள் அடங்குவர். நோய் தொற்றிப் பல ஆண்டுகளின் பின்னரே வெளிப்படும். வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை, அதிலே உணர்ச்சி குறைவு, அரிப்பில்லை, நோவில்லை. அதனாலேயே அதைத் தேமலென்று விட்டுவிடுகிறோம். அல்லது கிறீம் பூசி மறைக்கிறோம். பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்து உணர்ச்சி இல்லையென்றால், உணர்ச்சி இருந்தாலுங்கூடப் பல மாதம் மாறாதிருந்தால், அரசாங்க வைத்தியசாலைத் தோற் பிரிவுக்குப் போகவேண்டும். மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொண்டால் நோய் முற்றாகத் தீரும். மருந்து தொடங்கியதும் மற்றவருக்குப் பரவும் ஆற்றல் விரைவில் அற்றுவிடும். எந்தத் தீவுக்கும் ஒருவரையும் அனுப்ப மாட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் முகம் இப்போது மெல்லத் தெளிந்து வருகிறது. வசலீனும் தொப்பியும் பொறுமையுமே வைத்தியர் கொடுத்தவை. நாம் கூறிய பொருள்கள் வாசலண்டை மேசையில் வைக்கப்பட்டுள்ளன. எடுத்துப் பெயரை வாசித்துப் பார்க்கலாம். படை இருப்பவர்கள் கூட்டம் கலைந்தபின் நம்மிடம் தனியே வந்தால், தோற் பிரிவு நடைபெறும் நாளை எழுதித் தருவோம்.