நூலகத்தில் இல்லாத மூலக்கூறு



2024 நவம்பரில் அந்தமான் கடலில், பேரன் தீவுக்கு அருகே, மியான்மரைச் சேர்ந்த மீன்பிடிப் படகொன்றைக் கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே ஐயாயிரம் கிலோவுக்கும் மேலான மெத்தாம்ஃபெட்டமைன், இரண்டு கிலோ பொட்டலங்களாக அடுக்கியிருந்தது. அந்தச் சாதனையை இந்த அவை மனமாரப் பாராட்டுகிறது. ஆனால் டன் கணக்கில் வரும் சரக்கைப் பிடித்துக் கொடுப்பவை ரோந்து விமானமும் உளவுத் தகவலும்தான். வேதியியலாளர்களாகிய நமக்குரிய பெரிய சோதனை தபால் உறைக்குள் இருக்கிறது.

ஃபென்டனில் மார்ஃபினைவிடச் சுமார் நூறு மடங்கு வீரியமானது. பழக்கமில்லாத உடலுக்கு இரண்டு மில்லிகிராமே எமனாகலாம். நம் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையும் இதை ஒப்புக்கொள்கிறது. கடுந்தண்டனைக்குரிய ‘வணிக அளவு’ ஹெராயினுக்கு 250 கிராம், ஃபென்டனிலுக்கு 0.1 கிராம். 2019 மே மாதம் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஐசோடோனிடசீன் என்ற வேறொரு குடும்பத்துச் சேர்மம் கள்ளச் சந்தையில் தலைகாட்டியது. அதன் குடும்பமான நிடசீன்கள் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1950களில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ஆராய்ந்து, மருந்தாக வெளிவராமலே போனவை. பழைய ஆய்வேட்டைப் புரட்டி யாரோ சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐசோடோனிடசீன் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற 2021 ஆயிற்று.

அந்த இடைவெளியில் எல்லைச் சாவடியில் நிற்கும் அதிகாரியின் கையில் என்ன இருந்தது? ஃபென்டனில் சோதனைப் பட்டை நிடசீனைக் காட்டாது. சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் இன்று கைக்கடக்கமான கருவியாகிவிட்டது. ஒளி ஊடுருவும் பை என்றால் பிரிக்காமலே உள்ளிருக்கும் தூளைப் படித்துவிடுகிறது. அருமையான கருவிதான். ஆனால் அது தன் நினைவிலுள்ள நிறமாலைகளோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்லும். பதிவில் இல்லாத கைரேகைக்கு ஆள் கிடைக்காதது போல, புதிய மூலக்கூறு அதன் முன்னால் பெயரின்றி நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. போலி மாத்திரையில் ஃபென்டனில் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். மீதியெல்லாம் லாக்டோஸ், பாராசிட்டமால், மாவுப்பொருள். கருவி அவற்றைச் சரியாகவே அடையாளம் கண்டு, கொல்லும் பொருளைத் தவறவிட்டுவிடுகிறது. வெள்ளி அல்லது தங்க நுண்துகள்களின் மேல் படியவைத்து ராமன் குறிகையைப் பெருக்கும் முறை இதற்கு நல்ல வழி. நாளைய அமர்வொன்று முழுக்க அதைப் பற்றியது.

புதிய சேர்மத்தை உறுதிசெய்ய அதன் சான்றளிக்கப்பட்ட தூய மாதிரி ஆய்வகத்துக்கு வேண்டும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிய பொருளானால் சில மில்லிகிராம் மாதிரிக்கும் இரு நாட்டு அனுமதித் தாள்கள் தேவை. கடத்தல்காரனுக்கு அந்தத் தாள் எதுவும் வேண்டாம். இந்த அநியாயம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஆனால் நிறமாலை வெறும் எண்களின் வரிசை. அதற்கு உரிமம் தேவையில்லை. கொழும்பிலோ பாங்காக்கிலோ இன்று காலை பதிவானது மாலைக்குள் சென்னைச் சுங்க ஆய்வகத்தில் இருக்க முடியும். அமெரிக்க வல்லுநர் குழுவொன்று தன் பொருண்மை நிறமாலைத் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளிடையே அப்படியொரு பொதுத் தொகுப்பு வேண்டும் என்பதே இந்தத் தலைமையுரையின் ஒரே கோரிக்கை. கூடுதல் கருவிகள் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. தொகுப்பு வளராவிட்டால் அவற்றால் பயன் குறைவு என்கிறேன்.

கண்டறிதல் என்று பேசும்போது தவறாகக் கண்டறிவதையும் பேசியாக வேண்டும். அடர்த்தி கூடிய கரைசலில் மெத்தாம்ஃபெட்டமைனே ஃபென்டனில் பட்டையில் பொய்க்கோடு காட்டும். கோகைனுக்கான நிறச்சோதனை மரத்துப்போகச் செய்யும் லிடோகைனுக்கும் நீலமாகும். அமெரிக்காவின் டெக்சாஸில் ஹாரிஸ் கவுண்டியில் போதைப்பொருள் வழக்குகளில் நூற்றுக்கு மேற்பட்டோரின் தண்டனை பின்னர் ரத்தானது. ஆய்வக முடிவு வருமுன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். வணிக அளவு வழக்கில் பிணை கிடைப்பது மிகக் கடினமான நம் நாட்டில், களச்சோதனையின் நிறம் ஒருவரைப் பல மாதங்கள் சிறையில் வைத்துவிடும். களச்சோதனை சந்தேகத்தை மட்டுமே தரும். வாயு நிறப்பகுப்பும் பொருண்மை நிறமாலையும் சேர்ந்த ஆய்வே சான்று. அந்த அறிக்கை தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நாம் பொறுப்பு.

ஆகவே நிறைவு அமர்வுக்குள் மூன்று முடிவுகள் எழுத்தில் வர வேண்டும்: நிறமாலைகளை எந்தக் கோப்பு வடிவில் பகிர்வது, புதிய பதிவைச் சரிபார்க்கும் பொறுப்பு எந்த ஆய்வகத்துக்கு, கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் திறந்த வடிவை எப்படிக் கட்டாயமாக்குவது. அதற்கான வரைவுக்குழு உணவு இடைவேளைக்குப் பின் கூடுகிறது. மாநாட்டைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.