ரத்தச் சீட்டில் ஆயுசு எழுதியிருக்கா?

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

என் மாமியாருக்கு ரொம்ப வருசமா வெத்தலை புகையிலைப் பழக்கம். போன வருசம் சோறு விழுங்கினால் தொண்டை வலிக்குதுன்னாங்க. மதுரைக்குக் கூட்டிப்போய், சதை எடுத்துப் பரிசோதித்ததில் அடிநாக்கில் புற்றுநோய் என்று வந்தது. கரண்டு வைக்கணும், அதுக்கு முன்னால் ரத்தம் பார்க்கணும் என்றார்கள்.

ரத்தச் சீட்டு கைக்கு வந்தது. நியூட்ரோபில் 78, லிம்போசைட் 12. ஒன்றுக்குப் பக்கத்தில் கூடுதல் என்றும் இன்னொன்றுக்குப் பக்கத்தில் குறைவு என்றும் குறி போட்டிருந்தது. என் கொழுந்தன் செல்போனில் தேடினார். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் ஆறரை வருது, அஞ்சுக்கு மேல போனா ஆயுசு கம்மியாம் என்று சத்தமாகவே வாசித்துவிட்டார். அத்தை திண்ணையில்தான் இருந்தாங்க.

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. "போறவளுக்கு எதுக்குத்தா செலவு? குழுவுல வாங்குன கடனைத் திருப்பிக் கட்டிரு" என்று படுத்துக்கொண்டாங்க. மூணு நாள் அப்படியே போச்சு. உண்மையைச் சொல்றேன், நானும் பாதி நம்பிட்டேன்.

நாலாம் நாள் நான் மட்டும் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவங்க சொன்னதைக் குழுத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கொழுந்தன் வாசித்தது பொய் இல்லை. நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் வெள்ளை அணுக்கள்தான். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், அதாவது புண், சீழ், வீக்கம் மாதிரி, நியூட்ரோபில் கூடும். புற்று அணுக்களை அடையாளம் கண்டு எதிர்ப்பதில் லிம்போசைட்டுக்குப் பெரிய பங்கு. புற்றுக்கட்டியும் தன்னைச் சுற்றி அழற்சியை உண்டாக்கும். அதனால் முதலாவது கூடி இரண்டாவது குறைந்திருந்தால் நோயின் கை ஓங்கியிருக்கலாம் என்று பார்க்கிறார்கள். 2014-ல் 100 ஆய்வுகளை, 40,000 நோயாளிகளுக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த விகிதம் கூடியவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே இருந்தார்கள் என்று தெரிந்ததாம்.

"அது கூட்டத்துக்குப் பார்த்த கணக்கும்மா, உங்க மாமியாருக்கு நாள் குறிச்சது இல்லை" என்றாங்க. பிறகு, "அவங்களுக்குப் பல்லு எப்படி?" என்று கேட்டாங்க.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைவாயில் இரண்டு சொத்தைப்பல், ஈறெல்லாம் சீழ். சீழ் இருந்தாலே நியூட்ரோபில் ஏறுமாம். காய்ச்சலிலும் ஏறும். ஸ்டீராய்டு மருந்து போட்டாலும் ஏறும், கூடவே லிம்போசைட் இறங்கும். நம் குழுவில் ஒரு திருவிழா மாதத்தில் தவணை பாக்கி விழுந்ததை மட்டும் பார்த்து, குழு முழுகிப்போச்சுன்னு எழுதிடுவோமா?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் பல்லைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அதுக்கு எழுந்து வந்தாங்க. கரண்டு வைக்கும் முன்னால் கெட்ட பல்லை எடுத்துவிடுவது வழக்கமாம், பிற்பாடு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். பல் எடுத்து, ஈறு ஆறி, இரண்டு வாரம் கழித்துப் பார்த்த சீட்டில் 68, 18. வகுத்துப் பாருங்க, நாலுக்குக் கீழே. முழுசா இறங்கவில்லை. மிச்சம் நோயினுடையதாக இருக்கலாம் என்று டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாங்க.

இன்னும் இரண்டு எண்களும் பார்த்தாங்க. சி.ஆர்.பி. 10-க்கு மேல் போனால் ஒரு புள்ளி, அதோடு அல்புமின் 3.5-க்குக் கீழே இறங்கினால் இரண்டு புள்ளி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஊர் மருத்துவர்கள் வகுத்த கணக்கு. இரண்டையும் செய்வது ஈரல்தான். அழற்சி வந்தால் சி.ஆர்.பி.யைக் கூட்டி அல்புமினைக் குறைத்துவிடுமாம். முட்டை கொடுத்தால் அல்புமின் ஏறிடும்னு நான் நினைத்திருந்தேன். சாப்பாடு வேணும்தான், ஆனால் அழற்சி அடங்காமல் அது சரியா ஏறாதாம்.

இன்னொன்று. இந்த எண்கள் புற்றுநோய் இருக்கா இல்லையா என்று சொல்லாது. சீட்டு நல்லா இருக்குன்னு யாரும் சும்மா இருந்துடாதீங்க. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும் பார்க்கிறார்கள், காசு கிடையாது. வாயில் ஆறாத புண் இருந்தால் அதையும் காட்டுங்க. நம் கூட்டத்தில் புகையிலை போடுகிற அக்காமார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

அத்தைக்கு முப்பத்தைந்து நாள் கரண்டு முடிந்தது. உமிழ்நீர் வற்றிப்போச்சு, கஞ்சிதான் இறங்குது. சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் வைத்திருக்கிறேன். கொழுந்தன் இப்போ வாசிக்கிறதில்லை, எங்கிட்ட கொடுத்துடுறார். வர்ற மாசம் மறுபடி ரத்தம் பார்க்கணும்.